ஒழுகும்படி வேய்ந்த கூரை

இருளாண்டிக்கு ஒழுகல் என்றால் அருவருப்பு. பயம் என்றோ கோபம் என்றோ சொல்ல முடியாது. சோற்றுக்குள் புழு நெளிவதைக் கண்டவன் முகம் எப்படிப் போகுமோ, ஈரக் கறை படிந்த கூரையைக் கண்டால் அவன் முகம் அப்படிப் போகும்.

மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகும் வீதியை விட்டு மேலே ஏறினால் வரும் ஒரு மிளகு, கொக்கோத் தோட்டத்தில் அவன் கூரைக்காரன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரத்தை மாற்றுவது, ஆணி ஓட்டைக்குத் தார் வைப்பது, மாட்டுப்பட்டிக்கு இலுக்குப்புல் வேய்வது எல்லாம் அவன் கைதான். யார் வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்தாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டான்; அண்ணாந்து பார்ப்பான். மூக்கைச் சுளிப்பான்.

"தூ, என்னா நாத்தம்! எங்கயோ ஊறுது."

"அது கருவாட்டுக் கொழம்பு அண்ணே" என்று வீட்டுக்காரி சொன்னாலும் கேட்க மாட்டான். ஏணியைக் கொண்டுவந்து ஏறிவிடுவான். பத்தில் எட்டுத் தடவை ஊறிக்கொண்டுதான் இருக்கும். ஒருமுறை கல்யாணப் பந்தியில் சோறு விழுந்த பிறகு, உத்தரத்தில் பச்சையாய்ப் பூஞ்சணம் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு இலையை மடித்து எழுந்துபோனான். மாப்பிள்ளை வீட்டார் அதை மூன்று வருஷம் சொல்லிச் சொல்லித் திட்டினார்கள்.

அந்த அருவருப்புக்கு ஒரு தேதி உண்டு, தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் சிங்களக் கும்பல் லயத்துக்குத் தீ வைத்தபோது, ஜனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மேலே கொக்கோக் காட்டுக்குள் ஓடினார்கள். இருளாண்டி தன் மனைவி வேலம்மாவையும் ஐந்து வயது மகள் பூங்காவனத்தையும் இழுத்துக்கொண்டு ஓடினான். கத்திகூட இல்லாமல் கையாலேயே வாழையிலையையும் மானாப்புல்லையும் பிடுங்கி, கொடியால் கட்டி ஒரு கூரை போட்டான். மூன்றாம் நாள் மழை பிடித்தது. வாழையிலை கறுத்து அழுகியது. கறுப்புத் தண்ணீர் சொட்டியது. சொட்டுவதோடு நத்தை விழுந்தது, மரவட்டை விழுந்தது, பெயர் தெரியாத வெள்ளைப் பூச்சிகள் பிள்ளையின் தலைமயிருக்குள் விழுந்தன. துடைக்கத் துணி இல்லை. இருந்த ஒரு கம்பளியும் நனைந்து, செத்த எலியைப் போல நாறியது. எட்டாம் நாள் விடியும்போது பிள்ளைக்கு மூச்சு இல்லை.

ஊருக்கெல்லாம் கூரை போட்டவன் தன் மகளுக்கு மேலே போட்ட கூரை ஒழுகிவிட்டது. அதைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தோட்டம் நினைத்தது. வேலம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அதனால் அவன் மூக்கைச் சுளித்தபோதெல்லாம் யாரும் அவனை அதிகம் வையவில்லை.

எண்பத்தொன்று புரட்டாசிக் கடைசியில், பங்களா அப்பு மக்கீன் சமையற்கட்டை விட்டு இறங்கி இருளாண்டியைத் தேடி வந்தார். மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர்; தோட்டம் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிடும். துரைமார் ஐந்து பேருக்குச் சமைத்து ஐந்து பேரின் இங்கிலீசையும் அரைகுறையாக விழுங்கியவர்.

அப்போது பங்களாவில் இருந்தவர் லெவி துரை. தோட்டத்துரை இல்லை. மிளகுக்கொடி ஏன் வேரோடு அழுகுகிறது என்று ஆராய்வதற்காக வெளிநாட்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு வந்தவர். மனைவியும் ஆறு வயது மகளும் கூட.

"பங்களா புல்லுத்தரையில ஒரு குடில் போடணுமாம் இருளாண்டி. சுத்திவர சாக்கு, மேல ஓல."

"மாட்டுக்கா நானா?"

"மனுசருக்குடா. தொரையும் தொரசாணியும் அந்தக் குட்டியும் ஏழு நாளைக்கு அதுலதான் சாப்பிடப் போறாங்க."

"ஏன், பங்களாவுக்குள்ள பாம்பு பூந்திருச்சா?"

மக்கீன் சிரித்தார். "பெருநாள் வருது. அவங்க யஹூதி, யூத ஆளுங்க. மூஸா நபியோட கூட்டம் நாப்பது வருசம் பாலைவனத்துல குடில்ல கெடந்துச்சில்லையா, அத நெனைக்கிறதுக்கு."

"நாப்பது வருசம் கெடந்தவன் அத மறக்கப் பாப்பானா, நெனைக்கப் பாப்பானா?"

"அதைய அவருகிட்டக் கேளு. இன்னொண்ணு ஈக்குது, கேட்டுக்க. இந்த ஏழு நாளும் சந்தோசமாத்தான் இருக்கணுமாம். கட்டளை."

"சந்தோசத்துக்குச் சட்டமா? கருமம்!" என்று இருளாண்டி வெற்றிலை எச்சிலைத் துப்பினான்.

வேலை பெரிய கங்காணி வழியாகவே வந்ததால் மறுக்க முடியவில்லை. வீட்டில் வேலம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் செம்பட்ட முடிக் குட்டியுமா அதுல உக்காரப் போவுது?"

"ஆமா."

"அப்ப ஒழுகாமக் கட்டிக் குடுங்க" என்றாள்.

இருளாண்டி கட்டினான். நல்ல மூங்கிலாகப் பார்த்து வெட்டினான். கூரையை நல்ல சரிவாக நிறுத்தினான். இலுக்குப்புல்லைக் கற்றை கற்றையாக மூன்று அடுக்கு வேய்ந்தான். முகட்டில் கமுகம் பாளையைக் கவிழ்த்து இறுக்கினான். கடைசியில் ஏணியில் நின்று பத்து வாளித் தண்ணீரை ஊற்றினான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தான். ஒரு துளி இல்லை. உள்ளே மத்தியானத்திலும் அந்தி போல இருட்டு. புல்லின் காய்ந்த வாசம் மட்டும். நாலு வருஷத்தில் அவன் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் நேராக இருந்தது.

லெவி துரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்து அண்ணாந்தார். கன்னத்தைச் சொறிந்தார். மக்கீனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மக்கீன் தொண்டையைச் செருமினார்.

"வேல அருமையாம். அவரு வாழ்க்கையில இப்படி ஒரு வேலயக் கண்டதில்லையாம்."

"சரி."

"ஆனா செல்லாதாம்."

"என்னாது?"

"வானம் தெரியல. ராத்திரியில நச்சத்திரம் தெரியணும். மழ பெஞ்சா உள்ள எறங்கணும். இவ்வளவு கட்டியா இருந்தா அது வீடு, குடில் இல்லையாம்."

"வானம் வெளிய இருக்கு நானா. பாக்கணும்னா வெளிய வந்து பாக்கச் சொல்லுங்க."

"இருளாண்டி, நான் சொல்லல, அவரு சொல்றாரு. கூரைய நம்பாம ஆண்டவன நம்புறதுக்குத்தானாம் இந்த ஏழு நாளும்."

இருளாண்டி மூக்கைச் சுளித்தான். துரை சிரித்த முகத்தோடுதான் நின்றார், நல்ல மனிதர் போலவே நின்றார். அதுவே இன்னும் அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் அந்தச் சிறுமி மூங்கில் காலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். இவள் தலையில் சொட்ட வேண்டும். அதற்கு அவன் ஓட்டை போட வேண்டும். அதற்குப் பெயர் பெருநாள்.

"அந்த வேல எனக்கு வராதுன்னு சொல்லுங்க" என்றான். துரையைப் பார்க்காமலே வெளியேறினான்.

மிளகுச் சரிவில் பாதி தூரம் இறங்கியவன் திரும்பிப் பார்த்தான். லெவி துரை ஏணியில் ஏறியிருந்தார். குப்பையைக் கோழி கிளறுவதுபோல முகட்டு நடுவிலிருந்து புல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். முகட்டுக் கழியின் கட்டு இளகி, கூரையின் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மகள் நின்று, விழும் புல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இருளாண்டி மூச்சு வாங்க ஏறி ஓடினான்.

"எறங்கச் சொல்லுங்க நானா அந்தாள! கட்டத் தெரியாதவனுக்கு அவுக்க மட்டும் தெரியுமா? புள்ள தலையில வுழுந்திரும்!"

துரை பிள்ளையைப் போல இறங்கி ஒதுங்கி நின்றார். இருளாண்டி மேலே ஏறி, மூன்று அடுக்கையும் தன் கையாலேயே உரித்தான். மூங்கில் சட்டத்தின் மேல் தென்னோலையைக் கை அகலம் விட்டு விட்டுக் கிடத்தினான். வெயில் கீற்றுக் கீற்றாக உள்ளே விழுந்தது. எப்படி ஒழுகாமல் கட்டுவது என்று தெரிந்த கை, எப்படி ஒழுகவைப்பது என்றும் தெரிந்துதான் வைத்திருந்தது. இறங்கியதும் பங்களாத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். மலத்தைத் தொட்டவன்கூட அப்படிக் கழுவ மாட்டான்.

சமையற்கட்டில் மக்கீன் தேத்தண்ணீர் கொடுத்தார்.

"கோவிச்சுக்காத. அவரு பட்டவருதான். ரெண்டாம் உலக யுத்த காலத்துல அவங்க ஊருல யஹூதி ஆளுங்கள வீடு வீடா புடிச்சிக் கொன்னாங்களாம். இவரு எட்டு வயசுல காட்டுக்குள்ள குழி வெட்டி, மேல கொப்பு போட்டு மூடிக்கிட்டு ரெண்டு மாரிகாலம் கெடந்தாராம். உம்மாவும் தம்பியும் கூட."

"தம்பி?"

"அதைய ஒருக்காக் கேட்டேன். பேச்ச மாத்திட்டாரு."

இருளாண்டி கோப்பையைக் கீழே வைத்தான். வசதிக்காரன் விளையாட்டு என்று நினைத்து அருவருத்தது ஒரு மாதிரி. பட்டவனே அந்தக் கொப்பை மறுபடி தலைக்குமேல் போடுகிறான் என்பது வேறு மாதிரி. புண்ணைச் சொறிந்து மோந்து பார்க்கிற ஆளைக் கண்டது போல இருந்தது.

"அப்ப அந்தாளுக்குப் பைத்தியம்" என்றான். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை.

பெருநாள் பௌர்ணமிப் போயாவுக்கு முந்திய அந்தியில் தொடங்கியது. ஓலையில் கொக்கோக் காய்களையும் பழுத்த மிளகுச் சரங்களையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துரை சடங்குக்கென்று ஓர் ஈச்சங்குருத்தையும் எங்கிருந்தோ பார்சலில் வரவழைத்த, எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி இருந்த பழத்தையும் மேசையில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்று பேரும் பாடினார்கள். துரை பாடும்போது மேசையைத் தட்டினார். துரைசாணி சிரித்துக்கொண்டே சுருதியைத் தவறவிட்டாள்.

இருளாண்டி வேலியோரம் நின்றான். அவனை யாரும் வரச் சொல்லவில்லை. கக்கத்தில் ஸ்டோரிலிருந்து எடுத்த பெரிய படங்கு ஒன்றை மடித்து வைத்திருந்தான். லொறிக்கு மூடுவது. ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கூரைமேல் போட்டுவிடுவான். அந்தக் குட்டி நனையாது. சட்டம் என்ன சொன்னாலும் சரி.

"உள்ள வந்து உக்காரட்டாம். பெருநாளுக்கு ஆள் கூப்பிடுறது அவங்க வழக்கமாம்" என்றார் மக்கீன்.

"எனக்கு வேணாம்."

"அப்ப என்னாத்துக்குடா பொலிஸ்காரன் மாதிரி நிக்கிற?"

"நிக்கிறேன். ஒங்களுக்கென்ன?"

ஓலையிலிருந்து ஒரு கம்பளிப்புழு நேராகத் துரையின் சூப்புக் கோப்பையில் விழுந்தது. சிறுமி வீறிட்டுச் சிரித்து அதைக் கரண்டியால் எடுத்து இலையில் விட்டாள். துரை மிச்சச் சூப்பைக் குடித்தார். இருளாண்டி அந்தப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டான். மலத்தில் முளைத்த பூவைக் காட்டி மோந்து பார் என்பதுபோல இருந்தது அவர்கள் சந்தோஷம்.

இரண்டாம் நாளும் வந்து நின்றான். மூன்றாம் நாள் அந்திக்கு லக்கலப் பக்கத்து மலை கறுத்தது. காற்று வந்தது. கொக்கோக் காய்கள் ஒன்றோடொன்று முட்டின. இருளாண்டி படங்கை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. உட்கார்ந்தே இருப்பார்கள், அவனுக்குத் தெரியும். ஆண்டவனை நம்பி, நனைய நனைய, பிள்ளையையும் நனையவிட்டு உட்கார்ந்தே இருப்பார்கள். நம்பிக்கை என்றால் அப்படித்தானே.

மழை விழுந்தது. அவன் பாய்ந்து படங்கின் ஒரு முனையைக் கூரைமேல் வீசினான். மறுமுனையை இழுக்கத் திரும்பியபோது குடிலில் யாரும் இல்லை.

துரை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். துரைசாணி சூப்புச் சட்டியைச் சேலைத்தலைப்பு போன்ற ஏதோ துணியால் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அரை நிமிஷம் ஆகவில்லை. கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலில் விளக்கு எரிந்தது.

மக்கீன் குடையோடு வந்தார். "வாடா உள்ளுக்கு, நனையிற."

"என்னா நானா இது? ஏழு நாள்னீங்களே? ஆண்டவன நம்பணும்னீங்களே?"

"மழைன்னா எழும்பிப் போயிரணுமாம். அதுவும் சட்டந்தானாம். சூப்பு கெட்டுப்போற அளவு பெஞ்சாப் போதும், போயிரலாம். அதுக்குப் பொறவும் மழைக்குள்ள குந்திக்கிட்டு இருக்கவன் பக்திமான் இல்ல, மடையன்னு அவங்க கிதாபுலயே எழுதி ஈக்குதாம். தொர சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு."

இருளாண்டி குடிலுக்குள் போய் ஈரப் பலகையில் உட்கார்ந்தான். ஓலை வழியாக மழை அவன் தலையில் இறங்கியது. மக்கீன் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு தானும் உள்ளே வந்து குடையை இருவருக்குமாகப் பிடித்தார்.

"ஓடுறதுக்கு அவங்களுக்கு வீடு இருக்கு நானா."

"ஈக்கிதான்."

"எனக்கும் இருந்துச்சி."

மக்கீனுக்கு விளங்கவில்லை.

"காட்டுல கெடந்த அஞ்சாம் நாள்" என்றான் இருளாண்டி. "வேலம்மா பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தா. கீழ கிராமத்துலேருந்து ஒரு சிங்கள நோனா ஏறி வந்தா. வயசானவ. வாழ எலயத் தலைக்குப் புடிச்சிக்கிட்டு. புள்ளயப் பாத்தா. நெத்தியத் தொட்டுப் பாத்தா. புள்ளய மட்டுமாவது குடு, எங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல படுக்க வைக்கிறேன், யாருக்கும் தெரியாதுன்னா. நீயும் வான்னா. ரெண்டு தடவ சொன்னா நானா."

"நீ?"

"சாமி பாத்துக்கும்னேன்."

மழை குடையில் அடித்தது.

"சிங்களத்துலயே சொன்னேன், அவளுக்கு வெளங்கணும்னு. பெரிய நம்பிக்கக்காரன் மாதிரி. சாமிய எங்க நம்புனேன்? அவள நம்பல. அவ்வளவுதான். கீழ கொண்டுபோயி என்னா செய்வாளோன்னு. அதுக்குச் சாமியத் தூக்கி முன்னால வச்சேன். அவ போகயில திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போனா."

"அந்த நேரத்துல யார நம்புறது இருளாண்டி? யாரா இருந்தாலும்..."

"அந்தப் பேச்சு வேணாம் நானா. எனக்கே நாலு வருசமா நான் அதத்தான் சொல்லிக் குடுத்தேன். நாறுது."

மக்கீன் குடையை அவன் பக்கம் சாய்த்து, "வேலம்மாவுக்கு?" என்றார்.

"கூர ஒழுகிச்சின்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா. நானும் அப்படியே வுட்டுட்டேன். கூர ஒழுகினா அது கையோட குத்தம். கைக்குத்தத்தோட குடும்பம் நடத்தலாம்."

பங்களாக் கதவு திறந்தது. சிறுமி துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, அவர்கள் இருவரையும் பார்த்து ஏதோ கத்தினாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கையால் வா வா என்று காட்டினாள். அவள் தலைமயிர் உலர்ந்துதான் இருந்தது.

"கூப்பிடுறா, போடா" என்றார் மக்கீன். "வேலம்மாவுக்கு நான் வேணும்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

இருளாண்டி படங்கை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு லயத்துக்கு இறங்கினான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வேலம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தெப்பமாக நனைந்து வந்தவனைக் கண்டதும், தலை துவட்டப் பழைய சேலைத் துணியைக் கொண்டுவந்தாள்.

"குட்டி நனைஞ்சிருச்சா?"

"இல்ல. ஓடிட்டாங்க. உக்காரு."

அவன் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நோனா இரண்டு தடவை கேட்டதைச் சொன்னான். சாமி பாத்துக்கும் என்று தான் சொன்னதையும், அப்போது சாமி நினைவே தனக்கு இல்லை என்பதையும் சொன்னான். கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. அவன் எடுக்கக் கை நீட்டியபோது, வேலம்மா அவன் கை தன்மேல் படாமல் முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள். அவ்வளவு சின்ன அசைவு. நாலு வருஷமாக மற்றவர்கள் கூரையைப் பார்த்து அவன் எத்தனையோ முகம் காட்டியிருக்கிறான். ஒருவர் இப்படி ஒதுங்கி அவன் பார்த்ததில்லை.

அவள் அழவில்லை. பிறகு கருகிய ரொட்டியை எடுத்து வெளியே எறிந்துவிட்டு வந்தாள்.

"எந்த நோனா?"

"பலாமரத்து வீடு. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"இன்னும் இருக்காளா?"

"இருக்கா. போன கிழம கண்டேன். நான் அந்தப் பக்கம் போறதில்ல. சுத்தித்தான் போவேன்."

வேலம்மா அடுப்பில் அடுத்த மாவை வட்டமாகத் தட்டிப் போட்டாள்.

"நாளைக்கு நான் அவ வீட்டுக்குப் போறேன்" என்றாள். "நம்மளத் தவிர புள்ள நெத்தியத் தொட்டவ அவ ஒருத்திதான். அவகிட்ட எனக்குப் பேசணும். நீங்க வர வேணாம்."

மறுநாள் வேலை விட்டதும் அவள் முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பொதி மிளகை மடியில் முடிந்துகொண்டு பாலத்தைக் கடந்து போனாள். இருளாண்டி லயத்து வாசலில் நின்று, அவள் பலாமரத்தடியில் திரும்புகிறவரை பார்த்தான். கூப்பிடவில்லை. அவள் அன்றைக்கு இருட்டுமுன் வரவில்லை. வரும்போது அந்த வீட்டு நோனா லாந்தரைப் பிடித்துக்கொண்டு பாலம் வரை கூட வந்தாள். நோனா இந்தப் பக்கம் பார்த்து நின்றதும், அவள் கண்ணில் படக்கூடாதென்று இருளாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.